வசந்தா பார்த்தாச்சா?

போன மாதம் நம் நிறுவனத்தின் புதுக் கட்டடத்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். சால்வை போர்த்தினீர்கள், கேக் வெட்டினீர்கள், கையில் மைக்கையும் கொடுத்துவிட்டீர்கள். ஓய்வு பெற்றவளிடம் மைக்கைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நல்லவேளை, கரண்ட் போய்விட்டது. நீங்கள் தப்பித்தீர்கள்.

அன்று சாப்பிடும்போது, புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர் ஒருவர் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"மேடம், இந்த வசந்தா மேடம் எந்த டிபார்ட்மென்ட்? ஒவ்வொரு பீஸ் வெளிய போறப்பவும் 'வசந்தா பார்த்தாச்சா'ன்னு கேக்கறாங்க. நானும் 'பார்த்தாச்சு'ன்னு சொல்லிடறேன். ஆனா அவங்களை இதுவரைக்கும் பார்த்ததே இல்லை."

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பு நின்றதும் கண் கலங்கியது. ஊறுகாய் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சாம்பார் ஆறியிருக்கும். இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு 'பார்த்தாச்சு' சொல்லும் எல்லாருக்கும்.

எழுபதுகளில் நம் நிறுவனம் குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீடு. ஹாலில் ஒரு நீளமான மேஜை, அதன் ஒரு முனையில் நான், மறு முனையில் வசந்தா. படுக்கையறையில் எங்கள் முதலாளி. விமானப்படையில் ரேடார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்கள் சார் என்போம். சமையலறையில் சாலிடரிங் நடக்கும். அங்கே காபி போடக் கூடாது என்று சாரே எழுதி ஒட்டியிருந்தார், முதலில் போட்டுக் குடித்தவரும் அவர்தான்.

நான் சேலையூர். அப்பா பள்ளி ஆசிரியர், நான் பௌதிகம் படித்தவள். வசந்தா செம்பாக்கம். ஏரிப் பாசனத்தில் அவர்களுக்கு நிலம் இருந்தது, அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள். காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் எனக்காக லேடீஸ் கம்பார்ட்மென்ட் நிற்கும் இடத்தில் காத்திருப்பாள். குரோம்பேட்டை வருவதற்குள் முந்தின நாள் சண்டையை மிச்சம் வைக்காமல் முடிப்போம். எல்லாம் சர்க்யூட் சண்டைதான். பக்கத்தில் பூ தொடுத்துக்கொண்டு வரும் பெண்கள் எங்களை ஏதோ சொத்துத் தகராறு பேசுகிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது எங்களுக்கு வந்திருந்த வேலை இது. இப்போது மறைமலை நகர் என்று பெரிதாகச் சொல்கிறீர்களே, அந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூரைத் தாண்டி ஒரு தொழிற்சாலை. வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அச்சு வைத்து அடித்து எடுக்கும் பவர் பிரஸ்கள் அங்கே இருந்தன. தகட்டை உள்ளே வைக்க வேண்டும், மேலிருந்து அச்சு இறங்குவதற்குள் கையை எடுக்க வேண்டும். எடுக்கத் தவறினால் கை போச்சு. அதனால் பிரஸ்ஸின் வாய்க்குக் குறுக்கே ஒரு ஒளிக்கதிர் வேண்டும், கை அதை மறித்தால் பிரஸ் நின்றுவிட வேண்டும் என்று கேட்டார்கள். சாதாரண பல்பு வைத்துப் பார்த்தோம். பிரஸ் அதிரும் அதிர்வில் வாரத்துக்கு ஒரு பல்பு உயிரை விட்டது. சாருக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் இன்ஃப்ரா ரெட் எல்.இ.டி.க்கள் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு இழை கிடையாது, அறுந்துபோகப் பயமில்லை.

ஆனால் வெளிச்சம் மிகக் குறைவு. அந்தப் பட்டறையின் கூரையில் நடுநடுவே கண்ணாடித் தகடு, மத்தியானம் வெயில் நேரே பிரஸ் மேல் விழும். அந்த வெயிலில் எங்கள் எல்.இ.டி. எங்கே எடுபடும்? வழி ஒன்றுதான். எல்.இ.டி.க்குத் தொடர்ந்து கரண்ட் கொடுக்காமல், அது தாங்குவதைவிடப் பல மடங்கு கரண்டை நொடியின் மிகச் சின்னத் துண்டு நேரத்துக்கு மட்டும் கொடுத்து உடனே நிறுத்த வேண்டும். சூடேறுவதற்குள் அணைந்துவிடும், ஆனால் எரிந்த அந்தக் கணத்தில் பளிச்சென்று எரிந்திருக்கும். வெயில் ஒரே சீராக இருக்கும், எங்கள் வெளிச்சம் துடிக்கும். துடிப்பை மட்டும் கேட்டு, சீரானதை விட்டுவிடும் ரிசீவர் ஒன்று எதிர்ப்பக்கம் இருந்தால் போதும்.

துடிக்கவைக்கும் டிரைவர் சர்க்யூட் என் பொறுப்பு. ரிசீவர் வசந்தாவின் பொறுப்பு.

நீங்கள் இப்போது டிவி ரிமோட்டின் முனைக்கு நேரே செல்போன் கேமராவைப் பிடித்தால் ஊதாவாக ஒரு மினுக்கல் தெரியும். எங்களுக்கு அது இல்லை. இன்ஃப்ரா ரெட் கண்ணுக்குத் தெரியாது. நான் போடும் வெளிச்சம் எரிகிறதா, இல்லையா என்பது எனக்கே தெரியாது. அதைப் பார்க்கக்கூடிய ஒரே கண் மேஜையின் அந்த முனையில் வசந்தாவிடம் இருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

என் டிரைவரில் துடிப்பு சட்டென்று எழுந்துவிடும், விழ மறுக்கும். டிரான்சிஸ்டரை நிறுத்து என்று சொன்ன பிறகும் உள்ளே சேர்ந்திருந்த மின்னூட்டம் வடிகிறவரை அது நடத்திக்கொண்டே இருக்கும், விடைபெற்ற விருந்தாளி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கதை பேசுவதுபோல. ஒரு நாள் ஏதோ ஒரு மாற்றம் செய்தேன். துடிப்பு விழவே இல்லை. எல்.இ.டி. செத்துப்போனது. புகையில்லை, வாசனையில்லை. மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டு, செத்தது தெரியாமல் அந்த எல்.இ.டி.யை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் அழகாக அலை வடிவத்தைச் சீர்படுத்திக்கொண்டிருந்தேன். ஆசிலாஸ்கோப் திரையில் என் துடிப்பு கத்தி மாதிரி நின்றது. பூரித்துப்போயிருந்தேன்.

அந்த முனையிலிருந்து வசந்தா தலையைத் தூக்காமலே சொன்னாள். "எஸ்தர், உன் பக்கம் ரொம்ப நேரமா இருட்டா இருக்கு."

"இருக்காது. நீ உன் பக்கத்தைப் பாரு."

"என் பக்கம் பார்த்துட்டுதான்டி சொல்றேன்."

பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். எப்போதும் அப்படித்தான். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மேஜையில் வந்து உட்காரும்போதெல்லாம், காபி குடிக்க எழுந்து போய்த் திரும்பி வந்தாலும், முதல் வேலையாக ரிசீவரின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து மூடுவாள். கதிர் வந்துகொண்டிருக்கிறது என்று எரியும் பச்சை விளக்கு அணையும். கையை எடுப்பாள், எரியும். அதன் பிறகுதான் மற்ற வேலை. கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி இது என்ன பக்தி என்று நான் கேலி செய்வேன். அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை.

"விளக்கு எரியறதை யார் வேணா பார்த்து சந்தோஷப்படலாம்," என்றாள் ஒரு நாள். "இருட்டானா இருட்டுன்னு சொல்லுதான்னு பார்க்கணும். அதுக்குத்தானே இந்தப் பெட்டி?"

"இப்பதானே பார்த்தே. காபி குடிக்கற நேரத்துல அதுக்கு என்ன ஆயிடும்?"

"நான் இல்லாதப்ப என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த எல்.இ.டி.யை என் கையில் கொடுத்தபோது சார் திட்டவில்லை. துடிப்பை உண்டாக்கும் ஜெனரேட்டர் எந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் எல்.இ.டி. அணைந்த நிலையில்தான் நிற்க வேண்டும், அப்படி ஒரு வழி பார் என்று மட்டும் சொன்னார். பார்த்தேன். டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் காலுக்கு, அதாவது பேஸுக்கு, ஒரு சின்னக் கெபாசிட்டர் வழியாக மட்டுமே துடிப்பு போகும்படி செய்தேன். அது மாறும் கரண்டை மட்டும்தான் விடும், சிக்கி நிற்பதை விடாது. அதற்குப் பிறகு துடிப்பு எழுவதும் விழுவதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. நான் அதோடு விட்டேனா? இன்னும் கூர்மை, இன்னும் வேகம் என்று சீவிக்கொண்டே போனேன். தேவைக்கு மேல் சீவினேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் கூடி வந்து, தொழிற்சாலையில் பொருத்திப் பார்க்கும் டிரையல் நெருங்கிய நேரத்தில் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு வடக்கே ஒரு உருக்காலையில் வேலை. சொல்லும்போது அவள் ரயில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா என்று கேட்டேன். "நல்ல மனுஷர்தான்," என்றாள். கொஞ்சம் கழித்து, "டிரையலுக்கு மட்டும் நான் இருக்க முடியாது," என்றாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். குரோம்பேட்டை வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.

கடைசி நாள் சாயங்காலம் தன் பக்கத்து மேஜையைத் துடைத்தாள். ரிசீவரின் மேல் உள்ளங்கையை வைத்தாள், பச்சை அணைந்தது. எடுத்தாள், எரிந்தது. "சரி, வரேன்," என்றாள். எனக்குச் சொன்னாளா, பெட்டிக்குச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

டிரையல் அன்று சாருக்குக் கடுமையான காய்ச்சல். நான் தனியாகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அந்தப் பிரஸ் ஷாப்பில் பெண் யாரும் வேலை செய்ததில்லை. நான் நுழைந்ததும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. பிரஸ்ஸை இயக்குபவர் தேவராஜ் என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இது வேற கம்பெனில போனது மேடம்," என்றார். "மிச்சம் இங்கதான் கீது. உங்க பெட்டி வந்துட்டா எனக்கு இன்னா கவலை."

காலையில் எல்லாவற்றையும் பொருத்தினோம். டிரைவர் பெட்டியும் ரிசீவர் பெட்டியும் சுவரில், எல்.இ.டி.யும் ரிசீவரின் கண்ணும் பிரஸ்ஸின் இரு பக்கம், நடுவில் நீளமான ஒயர்கள். ஒயர்கள் அப்போதைக்குத் தரையில் தனித்தனியாகக் கிடந்தன. கை நீட்டினால் பிரஸ் நின்றது. பிறகு பட்டறையே அதில் விளையாட ஆரம்பித்துவிட்டது. ஒருவர் கையை நீட்டினார், ஒருவர் துண்டை வீசினார், ஒருவர் தன் செருப்பைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் நின்றது. கூரை வெயில் நேரே விழுந்தபோதும் நின்றது. மேனேஜருக்கு ஏக சந்தோஷம். "மத்தியானம் டைரக்டர்ஸ் வராங்கம்மா. அவங்க முன்னாடி ப்ரொடக்‌ஷனே ஸ்டார்ட் பண்ணிடலாம்," என்றார்.

சாப்பிடப் போனேன். டிபன் பாக்ஸைத் திறந்ததும் வசந்தா நினைவு வந்தது. என் எலுமிச்சை சாதத்தில் பாதி எப்போதும் அவளுக்குப் போகும், அவள் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு எனக்கு வரும். அன்று முழுச் சாதமும் எனக்கே இருந்தது. சாப்பிட முடியவில்லை. காலையில் நடந்ததையெல்லாம் சாயங்கால ரயிலில் யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் எனக்கு அவள் போனது வருத்தம் மட்டும்தான். அன்று, அந்த மரத்தடியில்தான் அது ஏக்கமாக மாறியது.

திரும்பி வந்தபோது பிரஸ்ஸைச் சுற்றி ஒரே பளபளப்பு. தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"ஒயரெல்லாம் கால்ல மாட்டிகினு பேஜாரா கெடந்துச்சு மேடம். பெரிய ஆளுங்க வராங்கோ, உங்க வேலை அசிங்கமா தெரியக் கூடாதுல்ல? எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி ஒரே பைப்புல வுட்டுட்டேன்."

அழகாகத்தான் இருந்தது. நான் நன்றி சொன்னேன். அதற்குள் டைரக்டர்கள் வந்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட மூன்று நான்கு பேர், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார்கள். பச்சை விளக்கு எரிந்தது. தேவராஜ் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பிரஸ் முன்னால் தயாராக நின்றார். மேனேஜர் என்னைப் பார்த்து, "ஸ்டார்ட் பண்ணலாமா?" என்றார்.

நான் ரிசீவர் கண்ணின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். இதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஒயரைக் கட்டியதில் ஆபத்து இருக்கும் என்று என் படிப்பு சொல்லவில்லை. உட்கார்ந்ததும் அவள் இல்லையே என்று இருந்தது, அவள் செய்வதைச் செய்தேன், அவ்வளவுதான். உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்தேன்.

பச்சை அணையவில்லை.

கையை எடுத்து, மறுபடி அழுத்தி மூடினேன். பச்சை அப்படியே எரிந்தது. கண்ணை முழுவதும் மூடியிருக்கிறேன், ஒரு துளி வெளிச்சம் போக வழியில்லை, பெட்டி மட்டும் எல்லாம் சரி, கதிர் வருகிறது, கையே குறுக்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"தேவராஜ், தள்ளி நில்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பிரஸ்ஸை ஓட்டாதீங்க."

மேனேஜரின் முகம் மாறியது. என் பக்கமாகக் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார். "என்னம்மா இது? காலைல நாங்க எல்லாரும்தானே பார்த்தோம். இப்ப போய் அதை நோண்டாதீங்க. டைரக்டர்ஸ் நிக்கறாங்க."

"காலைல பார்த்தது காலைக்கு சார். இப்ப இது பொய் சொல்லுது."

"ஒரு ரெண்டு பீஸ் மட்டும் ஓட்டிக் காட்டிடலாம். தேவராஜ் எக்ஸ்பீரியன்ஸ் உள்ள ஆள், கையை எடுத்துடுவார்."

ஒரு நிமிடம் தடுமாறினேன். இந்த ஆர்டர் போனால் அந்த வாடகை வீட்டை மூடவேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்த சாரை நினைத்தேன். அப்போது தேவராஜ் தகட்டைக் கீழே வைத்தார். நடந்துபோய்ப் பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை இறக்கினார். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்.

"மேடம் சரின்னு சொல்லட்டும் சார்," என்றார். "எனக்கு அவசரம் இன்னா கீது."

டைரக்டர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். மேனேஜர் என்னை முறைத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே போனார். நான் பைப்பைப் பிரித்து ஒயர்களைப் பழையபடி தள்ளித் தள்ளிப் போட்டேன். கண்ணை மூடினேன், பச்சை அணைந்தது. காரணம் அப்போதே விளங்கிவிட்டது. நான் சீவிச் சீவி வைத்திருந்த துடிப்பு, பக்கத்தில் ஒட்டிக் கிடந்த ரிசீவர் ஒயருக்குள் தாவியிருக்கிறது. வெளிச்சமே இல்லாமல், ஒயர் வழியாகவே என் டிரைவர் வசந்தாவின் ரிசீவரோடு பேசிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் முகம் சுருங்கிப்போய் நின்றார். உங்க மேல தப்பே இல்லைண்ணே என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. என் மரியாதைக்காகத்தான் அந்த மனிதர் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் அந்த வேலையைச் செய்திருந்தார்.

சாரிடம் போய்ச் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்தே கேட்டார். "மறுபடி டெஸ்ட் பண்ணணும்னு எப்படித் தோணிச்சு?"

"தோணலை சார். வசந்தா செய்வா. அதான் செஞ்சேன்."

அவர் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்ப இனிமே எது வெளிய போனாலும் வசந்தா பார்க்கட்டும்," என்றார்.

டிரைவரை எல்.இ.டி.யின் முதுகிலேயே ஒரு குட்டிப் பெட்டியில் வைத்தோம், பெரிய கரண்ட் நீள ஒயரில் ஓடவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. துடிப்பின் முனையை நானே என் கையால் கொஞ்சம் மழுக்கினேன். அது வலித்தது, பரவாயில்லை. மேனேஜர் கோபம் தணிந்து மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அவரே வந்து கண்ணை மூடிப் பார்த்தார். தேவராஜ் அதே பிரஸ்ஸில் வேலை செய்து, மிச்சமிருந்த எல்லா விரல்களோடும் ஓய்வு பெற்றார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதில் ஒன்றுதான். காலையில் சரியாக இருந்தது, நடுவில் யாரோ நல்லெண்ணத்தோடு ஒன்றைத் தொட்டார்கள், நீங்கள் அப்போது அங்கே இல்லை. அப்படியானால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எதிரே யார் நின்றாலும் சரி, மறுபடி கையை வையுங்கள்.

வசந்தாவை அதன் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன், சில வருஷங்கள் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனில். நான் சர்ச் முடிந்து தங்கையை வழியனுப்ப வந்திருந்தேன். அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டு ஊர் திரும்பச் சென்ட்ரலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தோளில் ஒரு குழந்தை தூங்கியது, கையில் ஒரு பை. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

ரயில் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முழுக் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் புருவத்தைச் சுருக்கினாள்.

"நானா? உக்காரும்போதெல்லாமா கையை வெப்பேன்?"

"ஆமா. நான்கூட கேலி பண்ணுவேனே."

"எனக்கு ஞாபகமே இல்லை எஸ்தர்." குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். "அந்த ஆளுக்குக் கை நல்லா இருக்கில்ல?"

"இருக்கு. இன்னொண்ணு தெரியுமா? இப்ப எங்ககிட்ட புதுசா நிறைய பேர் இருக்காங்க. ஒவ்வொரு பெட்டியையும் அனுப்பறதுக்கு முன்னாடி 'வசந்தா பார்த்தாச்சா'ன்னு கேப்பாங்க. உன்னைப் பார்த்தே இராதவங்களும் கேக்கறாங்க."

அவள் சிரித்தாள். ரயிலில் சண்டை போட்டுவிட்டுச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப நான் இன்னும் வேலையை விடலைன்னு சொல்லு," என்றாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். வேலையை விட்டதற்கு அவள் வருத்தப்பட்டாளா என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்றும் கேட்கவில்லை.

ரயில் வந்தது. பையை நான் ஏற்றிக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயில் படாமல் குழந்தையின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். வண்டி நகர ஆரம்பித்தபோது தலையை வெளியே நீட்டினாள்.

"இன்னிக்கு வசந்தா பார்த்தாச்சா?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. குரோம்பேட்டை வீடு பூட்டிக் கிடந்தது.

"பார்த்தாச்சு," என்றேன்.